கேமராவை மாற்றும் முன் அதன் ஆட்டத்தை நிறுத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படம் மங்கலாக வந்தால் விலை கூடிய கேமராவுக்கு மாறிவிடச் சொல்லி, சென்ற ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. படித்ததும் அக்கா மகன் ஞாபகம்தான் வந்தது. பூநாரை எடுக்க 70-300 லென்ஸ் வாங்கிக்கொண்டு கோடியக்கரை போனான். ஒரு படத்திலும் பறவையின் கண் தெரியவில்லை. கடையில் கேட்டதற்கு இன்னும் பெரிய லென்ஸைக் காட்டினார்களாம். படங்களை வாங்கிப் பார்த்தேன். எல்லாம் ஷட்டர் 1/125 நொடி திறந்து எடுத்தவை. அவனுடையது சிறிய சென்சார் கேமரா. அதில் 300 மி.மீ. லென்ஸ் ஒன்றரை மடங்காகி 450க்குச் சமம். கையில் பிடித்து எடுக்க நொடியில் ஏறக்குறைய அத்தனை பங்கு, அதாவது 1/500 ஆவது வேண்டும். அந்த வேகத்துக்கு ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வை, கூட்ட வேண்டும். படத்தில் புள்ளி விழுமே என்று பயந்து அவன் அதை 100ஐ விட்டு நகர்த்தவே இல்லை. புள்ளி விழுந்த படத்தையாவது பார்க்கலாம், ஆடிப்போன படத்தை என்ன செய்வது?

நான் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியன். ஜூன் மாதம் தண்ணீர் திறந்தால் கேமராவோடு கல்லணையில் நிற்பேன். மதகுத் தண்ணீர் பஞ்சு போல விழ வேண்டுமானால் ஷட்டர் கால் நொடியாவது திறந்திருக்க வேண்டும். ட்ரைபாட் (முக்காலி) போட்டும் முதல் வருடம் ஒன்றும் தேறவில்லை. பாலத்தில் வண்டி போகும்போதெல்லாம் உள்ளங்காலில் ஒரு குறுகுறுப்பு. எனக்கே தெரிகிறது, கேமராவுக்குத் தெரியாதா? வண்டி ஓயும்வரை காத்திருந்து, விரல் படாமல் இருக்க 2 நொடி டைமரும் வைத்தேன். அப்படியும் லேசான இரட்டைக் கோடு.

காரணம் கேமராவுக்குள்ளேயே இருந்தது. என்னுடையது போன்ற எஸ்எல்ஆர் வகைக் கேமராவில் ஒவ்வொரு படத்துக்கும் உள்ளிருக்கும் கண்ணாடி மேலே எழும்பி மோதுகிறது. 1/60 நொடியிலிருந்து ஒரு நொடி வரை அந்த உதறல் நன்றாகவே படத்தில் விழும். 1/500இல் அது உறைக்காது. 20 நொடிப் படத்தில் கரைந்துபோகும். மெனுவில் ‘மிரர் லாக்கப்’ இருந்தால் கண்ணாடி முதலிலேயே எழுந்துவிடும், அதிர்வு அடங்கியபின் ஷட்டர் திறக்கும். கேமராவோடு வந்த புத்தகத்தில் இருந்ததுதான். நான் புரட்டிப் பார்க்க ஒரு வருடம் ஆனது.

ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். லென்ஸில் அதிர்வு தடுப்பான் இருந்தால் ட்ரைபாடில் அதை அணைத்துவிடுவது நல்லது. வயல் வரப்பில் வைத்தால் கால்கள் ஈரமண்ணில் மெல்ல இறங்கும். கீழே கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வையுங்கள். நிலையாக நிற்கட்டும் என்று பையைத் தொங்கவிடுவார்கள். ஆடிக்காற்றில் அந்தப் பையே ஊஞ்சலாடி ட்ரைபாடையும் ஆட்டும். பை தரையில் பட்டும் படாமல் இருக்கட்டும். கழுத்துவாரையும் கழற்றிவிடுங்கள்.

தாராசுரம் போல தொல்லியல் துறைப் பொறுப்பில் உள்ள கோயில்களில் ட்ரைபாடுக்குத் தனி அனுமதி வேண்டும். அங்கே தூணில் முதுகைச் சாய்த்து, மூச்சை விட்டபின் எடுக்கிறேன். தாழ்வான சிற்பங்களுக்கு அரைக்கிலோ உளுந்து போட்டுத் தைத்த துணிப்பை இருக்கிறது. தரையில் வைத்து அதன்மேல் கேமராவைப் பதித்தால் அசையாது. உளுந்து போனதை வீட்டில் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

ஒரு வேண்டுகோள். வாசகர் படங்களை வெளியிடும்போது ஊர்ப் பெயரோடு ஷட்டர் வேகத்தையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
திருவையாறு.