கோயில் நிர்வாகத்தாருக்கும் நம் தாமான் (குடியிருப்பு) மக்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், செயற்குழுவினர், நம் தாமானில் குடியிருக்கும் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

போன தேர்தலில் என் வீட்டு கேட்டில் எந்தக் கொடி பறந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அதை நான் மறைக்கவில்லை, இனி மாற்றிக்கொள்ளப் போவதும் இல்லை. ஆனால் அதற்கப்புறம் நம் வீட்டு வரிசையில் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். வாட்ஸ்அப் குழுவிலிருந்து எடுத்துவிட்டதால் தண்ணீர் நிறுத்துவது பற்றிய தகவல்கூட வருவதில்லை. சரி, போகட்டும் என்று இருந்தேன். என் கணவரின் கருமாதியன்று நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அவரோடு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள், லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) குழாயடியில் எங்களோடு தண்ணீர் பிடித்தவர்கள், பெரும்பாலோர் வரவில்லை. வாழையிலைக் கட்டில் பாதி பிரிக்காமலே கிடந்தது. மிஞ்சிய சோற்றை மகன் காரில் ஏற்றி முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோனான்.

பக்கத்து வரிசைத் தங்கச்சி ஒருத்தி இருட்டிய பிறகு பின்சந்து வழியாக வந்தாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க, முன்வாசல்ல வந்தா பேசுவாங்க" என்றாள். துக்கம் விசாரிக்கவும் ஒளிந்து வர வேண்டுமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் நம் சுங்கை சிப்புட்டுக்கு அரசியல் சூடு புதிதில்லை. மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த தொகுதி இது. 1974 முதல் அதே கட்சியின் சாமிவேலு. 2007 நவம்பரில் இந்தியர் உரிமை கேட்டு ஹிண்ட்ராப் பேரணி நடந்து, 2008 மார்ச்சில் சாமிவேலுவை எதிர்த்து நின்ற டாக்டர் ஜெயக்குமார் ஜெயித்தபோது அப்பன் ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம் நின்ற வீடுகள் இங்கே உண்டு. ஒட்டுக்கடையில் (சாலையோரச் சாப்பாட்டுக் கடையில்) மேசையைத் தட்டிச் சண்டை போட்டவர்கள் சாவு வீடு என்றால் சேர்ந்துதான் பந்தல் போட்டார்கள். 2022 நவம்பரில் இதே தொகுதியில் எதிரெதிராக மோதிய பக்காத்தான், தேசிய முன்னணி என்ற இரண்டு கட்சிக் கூட்டணிகளும் அந்த மாதமே ஒரு அரசாங்கத்தில் சேர்ந்துகொண்டன. தலைவர்களுக்கு முடிந்தது நமக்கு ஏன் முடியவில்லை?

நிர்வாகத்தாருக்கு ஒன்று. திருவிழாவின் மூன்றாம் நாள் உபயம், தோட்டத்துக் கோயில் காலத்திலிருந்து எங்கள் குடும்பத்துடையது. அம்மனை இங்கே கொண்டுவந்தபோது லாரியில் சிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தவர் என் மாமனார். இந்த வருடம் "வேறு குடும்பம் கேட்கிறது" என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பினீர்கள். இது எந்தக் கூட்டத்தில் முடிவானது? கூட்டக் குறிப்பில் இருக்கிறதா? அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் பேசுங்கள். கோயில் மண்டபத்தில் எந்தக் கட்சிக்கும் கூட்டம் போட இடம் கொடுக்காதீர்கள். நான் ஆதரிக்கும் கட்சிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மரண சகாய நிதியில் பணம் கொடுத்தால் கடமை முடிந்ததாக நினைக்காமல், உறுப்பினர் வீட்டுத் துக்கத்துக்குச் செயற்குழுவில் ஒருவராவது நேரில் போக வேண்டும் என்று விதியில் எழுதுங்கள்.

சந்தா பாக்கியில்லாமல் கட்டிவரும் உறுப்பினர் நான். கூட்டத்துக்கு வருவேன், இதையெல்லாம் அங்கேயும் கேட்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மூன்றாம் வரிசை அக்கா