‘ரிசார்ட்டும் தீவும்’ பேக்கேஜில் தீவு எங்கே? – புகார் கடிதம்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பிப்ரவரி மாத குவாதலூப் (கரீபியனில் உள்ள பிரெஞ்சுத் தீவு) பயணத்தில் நடத்தப்படாத சுற்றுலாக்களுக்கான பணத்தைத் திருப்பிக் கேட்டல்

ஐயா,

வணக்கம். முதலில், ரிசார்ட்டைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. அறை சுத்தமாக இருந்தது, சாப்பாடு தாராளம். சேந்த்-ஆன் கடற்கரையில் பவளத்திட்டு அலையைத் தடுத்துவிடுவதால், நீச்சல் தெரியாத என் அம்மாகூட பயமில்லாமல் தண்ணீரில் இறங்கினார். ஆனால் கடலும் நீச்சல் குளமும் மட்டும் போதுமென்றால் உங்களிடமே மலிவான பேக்கேஜ் இருந்தது. ஆளுக்கு 340 யூரோ கூடுதலாகக் கொடுத்து ‘ரிசார்ட்டும் தீவும்’ திட்டத்தை எடுத்ததே வெளியே போய் ஊரைப் பார்க்கத்தான்.

கார்பே அருவி, லே சேன்த் தீவுகள், கப்பெஸ்தேர் ஊரிலுள்ள மாரியம்மன் கோவில் ஆகிய மூன்றும் பயணத் திட்டத்தில் எழுத்தில் இருக்கின்றன. அருவிப் பயணம் மழையால் ரத்து என்றீர்கள். சரி, மலைக்காட்டுப் பாதை, ஏற்றுக்கொள்கிறேன். லே சேன்துக்கு அழைத்துப் போனீர்கள், ஆனால் அங்குள்ள நெப்போலியன் கோட்டை முற்பகலில் மட்டுமே திறந்திருக்கும் என்பது உங்கள் வழிகாட்டிக்குத் தெரியவில்லை. மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வெயிலில் மேடேறி, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு இறங்கினோம்.

நான் எழுத முக்கியக் காரணம் கோவில்தான். எங்கள் பூர்வீகம் காரைக்கால். அங்கிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆட்களைக் கப்பலேற்றிய கதை எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். முதல் கப்பலான ஓரெலி, 1854 டிசம்பர் 24 அன்று குவாதலூப்பின் புவாந்த்-ஆ-பித்ர் துறைமுகத்தில் கரை சேர்ந்தது. அதன் பிறகு 40,000 பேருக்கு மேல் இந்தியாவிலிருந்து அந்தத் தீவுக்குப் போனார்கள். அவர்களின் வாரிசுகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்று 1904 முதல் 1923 வரை வழக்காடிய ஹென்றி சிதம்பரம் பிறந்தது கப்பெஸ்தேரில்தான். இதையெல்லாம் நான் உங்களுக்குப் பாடமாகச் சொல்லவில்லை. உங்கள் விளம்பரமே ‘நம் முன்னோர் வழிபட்ட அம்மனைத் தரிசிக்க’ என்றுதான் எங்களைக் கூப்பிட்டது. எழுபத்தைந்து வயது அம்மா ஒன்பது மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து வரச் சம்மதித்தது அந்த ஒரு வரிக்காக.

அன்று காலை வேன் வந்தது, ஏறினோம். கோவில் இருக்கும் பாஸ்-தேர் பக்கம் போக வேண்டிய வண்டி நேர்மாறாகத் திரும்பி ஒரு ரம் ஆலை வாசலில் நின்றது. கேட்டதற்கு, மழையால் கோவிலுக்குப் போகும் வழியும் அடைபட்டிருக்கிறது என்றார் வழிகாட்டி. அம்மனுக்கு எலுமிச்சம்பழமும் குங்குமமும் பையில் வைத்திருந்த என் அம்மாவின் கையில் ரம் ருசிபார்க்கும் கோப்பையைக் கொடுத்தார்கள். அடுத்து ஒரு நினைவுப்பொருள் கடை, அதற்கடுத்து இன்னொன்று. எந்தக் கடையில் யாருக்கு எவ்வளவு கமிஷன் என்பது என் வேலையில்லை, ஆனால் அந்தக் கடைகள் எதுவும் பயணத் திட்டத்தில் இல்லை.

மறுநாள் சொந்தச் செலவில் டாக்ஸி பிடித்துப் போனோம். கப்பெஸ்தேரின் ஷாங்ஜி பகுதியில் இருக்கும் அந்தக் கோவில் மலையிலும் இல்லை, காட்டிலும் இல்லை. கப்பெஸ்தேர் சாலையோரமே நிற்கிறது, வண்ணம் பூசிய சிலைகளோடு. வழியில் ஒரு தடையும் இல்லை. அந்தச் சாலை மூடப்படவே இல்லை என்று டாக்ஸி ஓட்டுநர் சொன்னார். ஆக, மழை என்பது அருவிக்கு உண்மைக் காரணம், கோவிலுக்குச் சாக்கு. அங்கே அம்மாவுக்குக் கிடைத்த தரிசனத்துக்கும் உங்கள் நிறுவனத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

பாரிஸ் திரும்பியதும் தொலைபேசியில் பேசியபோது, “அது உள்ளூர் ஏஜென்ட் செய்த தவறு, அவரிடம் கேளுங்கள்” என்றார் உங்கள் அலுவலர். நான் பணம் கட்டியது உங்களிடம். பிரான்சின் சுற்றுலாச் சட்டத்தொகுப்பின் எல்.211-16 பிரிவுப்படி, பேக்கேஜில் உள்ள சேவையை வேறு யார் செய்து கொடுத்தாலும் பொறுப்பு விற்றவருடையதுதான். உங்கள் அலுவலருக்கு இது தெரியாமல் இருக்காது.

எனவே மூன்று பேருக்கும் கூடுதலாக வாங்கிய 1,020 யூரோவில், லே சேன்த் படகுக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். டாக்ஸி கட்டணம் தனி, ரசீது இணைத்திருக்கிறேன். அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடி வவுச்சர் அனுப்பும் யோசனை இருந்தால் வேண்டாம், பணம் வங்கிக் கணக்குக்கு வரட்டும். 60 நாட்களுக்குள் சரியான பதில் வராவிட்டால் சுற்றுலா மற்றும் பயணத் துறை மத்தியஸ்தரிடம் முறையிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: முன்பதிவுச் சீட்டு, பயணத் திட்டத்தின் நகல், டாக்ஸி ரசீது