செய்திக்குறிப்போடு கட்டுரையும் வெளிவரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பல்கலைக்கழக ஆய்வுகள் மக்களிடம் வந்து சேர்வதற்குள் திரிந்துவிடுகின்றன என்ற பேச்சு எழும்போதெல்லாம் பழி பத்திரிகைகள் மீதே விழுகிறது. ஆனால் பல நேரங்களில் திரிபு தொடங்குவது பல்கலைக்கழக வளாகத்துக்குள்தான், ஆய்வைப் பற்றிப் பத்திரிகைகளுக்கு அனுப்பும் செய்திக்குறிப்பிலேயே. பிரிட்டனின் 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட, உடல்நலம் சார்ந்த 462 செய்திக்குறிப்புகளை மூலக் கட்டுரைகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2014இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்தது. அறிவுரை கூறிய குறிப்புகளில் சுமார் 40 சதவீதம், மூலக் கட்டுரை சொன்னதை மிகைப்படுத்தியிருந்தன. குறிப்பு மிகையாக இருந்தபோது 58 சதவீதச் செய்திகளும் மிகையாக வந்தன. குறிப்பு அடக்கமாக இருந்தபோது 17 சதவீதம்தான். இன்னொன்றும் தெரியவந்தது: மிகைப்படுத்தியதால் செய்தி கூடுதலாக வெளியானதற்குப் போதிய சான்று இல்லை. பிறகு எதற்காக மிகைப்படுத்த வேண்டும்?

ஒரு மருந்து நோயை '50 சதவீதம் குறைக்கிறது' என்ற வரியை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் பேரில் இரண்டு பேருக்கு வந்த நோய் ஒருவருக்குக் குறைந்தாலும் அது 50 சதவீதம்தான். இருநூறு பேருக்கு வந்தது நூறு பேராகக் குறைந்தாலும் அதே 50. வரி பொய்யில்லை, ஆனால் அதை மட்டும் படிப்பவர் எந்த முடிவுக்கும் வர முடியாது. அதனால் குறிப்பில் 'ஆயிரத்துக்கு எத்தனை பேர்' என்ற கணக்கு கட்டாயம் இருக்க வேண்டும். யாரை ஆராய்ந்தார்கள், எத்தனை பேர், எவ்வளவு காலம், எதோடு ஒப்பிட்டார்கள், பணம் கொடுத்தது யார் என்பதும் முதல் பக்கத்திலேயே வேண்டும். எலியில் செய்த சோதனை என்றால் 'எலி' என்ற சொல் தலைப்பிலேயே இருக்க வேண்டும், கடைசிப் பத்தியில் அல்ல. இறுதி வடிவத்தை ஆய்வாளரே படித்து ஒப்புதல் தர வேண்டும். மக்கள் தொடர்பு அலுவலகம் கடைசி நேரத்தில் தலைப்பை மாற்றினால் மறுபடியும் அவரிடம் போக வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும், சந்தேகப்படும் வாசகர் மூலக் கட்டுரையைத் திறந்து பார்க்க முடியாவிட்டால் பயனில்லை. பல ஆய்விதழ்கள் கட்டணச் சுவருக்குள் இருக்கின்றன, பணம் கட்டினால்தான் படிக்க முடியும். இதற்கு வழி உண்டு. பலர் பயன்படுத்துவதில்லை, அவ்வளவுதான். கட்டுரையைப் பரிசீலிக்கும் துறை வல்லுநர்களான மதிப்பீட்டாளர்கள் சொன்ன திருத்தங்கள் முடிந்து இதழ் ஏற்றுக்கொண்ட, ஆனால் பதிப்பகம் இன்னும் பக்கம் வடிவமைக்காத பிரதியைப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் வைக்கப் பெரும்பாலான பதிப்பகங்கள் அனுமதிக்கின்றன. சில உடனே திறந்து வைக்க விடுகின்றன, சில ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரையிலான தடைக்காலத்துக்குப் பிறகு.

தவறு நடப்பது இங்கேதான். ஆய்வாளர்கள் பதிப்பகம் வடிவமைத்த பிடிஎஃப் கோப்பை ஏற்றிவிடுகிறார்கள். பதிப்பகம் எதிர்ப்புத் தெரிவித்ததும் அது நீக்கப்படுகிறது. சரியான பிரதியோ யாரோ ஒருவரின் மின்னஞ்சலில் கிடந்து, அவர் வேறு வேலைக்குப் போனதும் தொலைந்துபோகிறது. ஆகவே இதழிடமிருந்து ஏற்புக் கடிதம் வந்த அன்றே சரியான கோப்பை ஏற்றி, தடைக்காலம் முடியும் தேதியைக் களஞ்சிய மென்பொருளில் குறித்துவிட வேண்டும். அந்த நாளில் அது தானாகத் திறந்துகொள்ளும், யாரும் நினைவு வைத்திருக்கத் தேவையில்லை. ஹார்வர்டின் கலை, அறிவியல் புலம் 2008இல் ஒரு படி மேலே போனது. கட்டுரைகளை வெளியிடும் உரிமையை அங்குள்ள பேராசிரியர்கள் முன்கூட்டியே பல்கலைக்கழகத்துக்கும் வழங்கிவிடுகிறார்கள். வேண்டாம் என்பவர் விலக்குக் கேட்கலாம். ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாகப் பேரம் பேசும் வேலை இதனால் பெரிதும் குறைகிறது. மற்ற பல்கலைக்கழகங்களும் பின்பற்றத் தக்க ஏற்பாடு இது.

கோப்பின் தன்மையும் முக்கியம். அச்சிட்ட தாளை ஸ்கேன் செய்து படமாக ஏற்றினால் தேடுபொறிகள் அதற்குள் இருக்கும் சொற்களைச் சரிவரக் கண்டுபிடிக்காது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருளாலும் சரிவரப் படிக்க முடியாது. எழுத்தாகவே சேமித்த கோப்புதான் வேண்டும்.

கடைசியாக, ஆய்வுக்கு ரத்தமும் நேரமும் தகவலும் கொடுத்தவர்களைப் பற்றி. முடிவு என்ன ஆயிற்று என்று அவர்களில் பலருக்கு யாரும் சொல்வதே இல்லை. ஒப்புதல் படிவத்திலேயே 'முடிவுகளை எனக்கு அனுப்பவும்' என்று ஒரு கட்டமும் முகவரிக்கு ஒரு வரியும் சேர்த்து, முடிவுகளை அச்சிட்டு அனுப்பும் செலவை நிதி விண்ணப்பத்திலேயே காட்டிவிட வேண்டும். ஆய்வு முடிந்த பிறகு யோசித்தால் பணமும் இருக்காது, முகவரிகளும் இருக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்