ஞாயிற்றுக்கிழமைக்கு மிச்சம் வை

அன்புள்ள கண்ணு,

ஃப்ளோரிடாவில் ஆர்லாண்டோ பக்கத்து டிஸ்னி வேர்ல்டில் ஜனவரியில் நாலு நாள் தொடர்ந்து ஓடும் டோப்பி சேலஞ்சுக்குப் பேர் கொடுத்திருப்பதை சிகாகோ மாரத்தான் முடிந்த பிறகுதான் வீட்டில் சொல்கிறாய். அம்மா இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். அது அவள் பாடு, உன் பாடு. போனில் சொன்னால் நிற்காத கணக்குகள் சில இருக்கின்றன, அதனால் எழுதுகிறேன்.

வியாழன் 5 கி.மீ., வெள்ளி 10 கி.மீ., சனி ஹாஃப் (அரை மாரத்தான்), ஞாயிறு முழு மாரத்தான். மொத்தம் 48.6 மைல், நம் கணக்கில் 78 கி.மீ. சொச்சம். எல்லாரும் இந்த 78-ஐப் பார்த்துத்தான் மலைக்கிறார்கள். அங்கே ஆளை முதலில் சாய்ப்பது தூரமில்லை, தூக்கம். நாலு ஓட்டமும் விடிகாலை 5 மணிக்கு. விடுதியிலிருந்து பஸ் பிடித்து, எப்காட் பூங்கா வாகன நிறுத்தத்தில் இறங்கி, பை சோதனை தாண்டி, கழிப்பறை வரிசையில் நின்று, தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் உன் குழு நிற்கும் அடைப்பான காரலுக்கு நடந்து போய்ச் சேர வேண்டும். 3.15-க்குள் பஸ்ஸில் ஏறிவிடு. அப்படியானால் அலாரம் 2.30. ஆர்லாண்டோ கடிகாரம் சிகாகோவைவிட ஒரு மணி முன்னால் ஓடுவதால், உன் உடம்புக்கு அது 1.30. நாலு நாளும் இதே கதை.

ஆகவே, கிளம்புவதற்கு 10 நாள் முன்பிருந்தே தினமும் 15 நிமிடம் முன்னதாகப் படு, 15 நிமிடம் முன்னதாக எழு. அங்கே போனதும் இரவு 7.30-க்கு விளக்கை அணைத்துவிடு. மதியம் 2 மணிக்கு முன் முக்கால் மணி நேரம் கண் அசரலாம். அதற்கு மேல் போனால் ராத்திரித் தூக்கம் கெடும். பகல் 11-க்குப் பிறகு காபி வேண்டாம்.

சட்டையில் குத்தும் எண் அட்டையான பிப்பை நேரில்தான் வாங்க வேண்டும், உனக்குப் பதில் இன்னொருவர் வாங்க முடியாது. வியாழன் விடிகாலையே ஓட்டம் என்பதால் புதன்கிழமை, பிப் கொடுக்கும் கண்காட்சி நடக்கிற ஈ.எஸ்.பி.என். விளையாட்டு வளாகத்துக்குப் போயே ஆக வேண்டும். ஜனவரியில் ஓ'ஹேர் விமான நிலையம் எப்போது பனியில் மாட்டும் என்று சொல்ல முடியாது. புதன் காலை விமானத்தை நம்பாதே, செவ்வாய் இரவே போய்விடு. பதிவில் கொடுத்த பேரும் அடையாள அட்டைப் பேரும் ஒன்றுதானா என்று இப்போதே பார். அப்பா பேரைக் குடும்பப் பெயராகப் போட்ட நம் இனிஷியல் குழப்பத்தை அங்கே கவுன்டரில் நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. கண்காட்சியில் ஒரு மணி நேரம் போதும். சிமெண்ட் தரையில் சாமான் பார்த்தபடி மூன்று மணி நேரம் சுற்றுவதும் காலுக்கு ஒரு ஓட்டம்தான்.

இனி பேஸ், அதாவது ஒரு மைலுக்கு ஆகும் நேரம். அங்கே பலகைகள் மைலில்தான் இருக்கும், வாட்ச்சையும் மைலுக்கு மாற்றிவிடு. ஓடும்போது மனதுக்குள் கி.மீ. பெருக்கிக்கொண்டிருக்காதே. அமைப்பாளர்களின் விதி மைலுக்கு 16 நிமிடம். ஹாஃபுக்கு மூன்றரை மணி நேரம், முழு மாரத்தானுக்கு ஏழு மணி நேரம். கடைசி ஆள் தொடக்கக் கோட்டைத் தாண்டும்போதுதான் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கும். அந்தக் கடைசியில் பலூன் கட்டிக்கொண்டு சிலர் மைலுக்கு 16 என்ற கணக்கில் வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் தங்கிவிட்டால் பஸ்ஸில் ஏற்றிவிடலாம். நாலையும் முடித்தால்தான் டோப்பி பதக்கம்.

உன் சிகாகோ நேரம் 5 மணி 15 நிமிடம், அதாவது மைலுக்கு 12 நிமிடம். டோப்பியில் எந்த நாளும் அந்த 12-ஐத் தொடாதே. வியாழனும் வெள்ளியும் மைலுக்கு 14. 5 கி.மீ.க்கு 43 நிமிடம், 10 கி.மீ.க்கு ஒரு மணி 27 நிமிடம். இது உனக்கு அவமானமாக இருக்கும், பக்கத்தில் ஓடும் குழந்தைகூட முந்தும். முந்தட்டும். சனிக்கிழமை 13.30, ஹாஃப் 2 மணி 57 நிமிடத்தில் முடியும். ஞாயிறு 13 நிமிடத்தில் ஆரம்பி, 20-ஆம் மைல்வரை அதிலேயே நில். கால் இருந்தால் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 13-இலேயே முடித்தால் 5 மணி 41 நிமிடம். கூட்டத்தில் வளைந்து வளைந்து போவதால் உன் வாட்ச் 26.2-க்குப் பதில் 26.6 காட்டும், அந்த 5 நிமிடத்தையும் சேர்த்துக்கொள்.

சனிக்கிழமைதான் எல்லாரும் கெடுகிற இடம். இரண்டு நாள் மெதுவாக ஓடியதில் கால் துள்ளும், இருட்டில் காற்று குளிர்ச்சியாக இருக்கும், 5-ஆம் மைலுக்கு மேல் மேஜிக் கிங்டம் பூங்காவின் மெயின் ஸ்ட்ரீட்டில் திரும்பியதும் விளக்கும் ஆரவாரமுமாகக் கோட்டை எதிரே நிற்கும். அங்கே மைல் 10.30-க்கு இறங்குவது தெரியவே தெரியாது. அதற்கு உடனே வலிக்காது. மறுநாள் 17-ஆம் மைலில் தொடை கல்லாகும்போதுதான் வலிக்கும். கோட்டையைத் தாண்டியதும் கிராண்ட் ஃப்ளோரிடியன், பாலினீசியன் விடுதிகளை ஒட்டிய சாலை குறுகல். அங்கே முந்தப் பார்த்துப் புல் ஓரத்தில் கணுக்கால் மடங்குவது சுலபம். பின்னாலேயே போ. மேம்பால வளைவுகளில் சாலை ஒரு பக்கம் சரிந்திருக்கும். உள்வளைவில் தூரம் குறைவு என்று ஒட்டிப் போனால் இடுப்புப் பக்கத்துத் தசை இழுக்கும், சமமான இடம் பார்த்து ஓடு.

ஓட்ட-நடையை முதல் நிமிடத்திலேயே தொடங்கு: 60 வினாடி ஓட்டம், 30 வினாடி நடை. இதைப் பரப்பியவர் 1972 ஒலிம்பிக்கில் ஓடிய ஜெஃப் கேலவே. களைத்த பிறகு நடப்பதில் பாதிப் பயன்கூட இல்லை. களைப்பதற்கு முன்பே தசைக்கு மூச்சு விடுவதுதான் இதன் சூட்சுமம். நடைக்கு மாறும் முன் கையைத் தூக்கிவிட்டு வலது ஓரம் ஒதுங்கு, நடு வழியில் சட்டென்று நின்றால் பின்னால் வருகிறவன் முதுகில் விழுவான்.

மிக்கியோடும் டொனால்டோடும் படம் எடுக்காமல் நீ வரப்போவதில்லை, எனக்குத் தெரியும். எடு. அதற்கும் கணக்கு உண்டு. 13-க்கும் 16-க்கும் இடையே மைலுக்கு 3 நிமிடம் சேமிப்பு. 10-ஆம் மைலில் 30 நிமிடம் கையில் இருக்கும், முந்தைய காரலில் கிளம்பினால் இன்னும் கூடும். ஒரு வரிசைக்கு 8 நிமிடம் போகும் என்று வைத்து அந்தச் சேமிப்பிலிருந்து கழி. நின்ற நேரத்தை அடுத்த மைலில் பிடிக்கிறேன் என்று வேகமெடுக்கிறாயே, அதுதான் கூடாது. அனிமல் கிங்டமில் எவரெஸ்ட் ரோலர் கோஸ்டரில் ஓட்டத்தின் நடுவிலேயே சிலர் ஏறிவிட்டு வருவார்கள். அந்தப் பைத்தியத்தில் நீயும் சேர்ந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன். இறங்கியபின் ஐந்து நிமிடம் நடந்துவிட்டு ஓடு.

வெயில். சிகாகோவில் உறைபனியில் பயிற்சி செய்துவிட்டுப் போகிறவர்களைத்தான் ஃப்ளோரிடா வாட்டும். ஜனவரியில் அங்கே ஒரு நாள் 4 டிகிரி, மறுநாள் ஈரப்பதத்தோடு 24 டிகிரி. சூரியன் 7.15 வாக்கில்தான் வரும் என்பதால் ஹாஃபில் தெரியாது. முழு மாரத்தானில் உன் கடைசி நாலு மணி நேரம் வெளிச்சத்தில்தான். கேலவே கணக்குப்படி 60 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் ஒவ்வொரு 5-க்கும் மைலுக்கு 30 வினாடி கூட்டு. 75 என்றால் 13 நிமிடம் 14.30 ஆகிவிடும். அதை ஏற்றுக்கொள். டிசம்பரில் வாரம் இரண்டு நாள் ட்ரெட்மில்லில் முழுக்கைச் சட்டை போட்டு 40 நிமிடம் ஓடி வேர்வைக்குப் பழகு. காரலில் நிற்கும்போது போட்டுக்கொள்ள ஒரு பழைய ஸ்வெட்டர் கொண்டுபோ, விட்டுவிட்டு வரலாம்.

சனி காலை 8.30 வாக்கில் முடிப்பாய், ஞாயிறு 5 மணிக்கு அடுத்தது. இடையில் இருபது மணி நேரம் சொச்சம்தான். தசையில் இருக்கும் சர்க்கரைச் சேமிப்பான கிளைகோஜன் முழுதாக நிரம்ப ஒரு நாள் பிடிக்கும். அதனால் முடித்த அரை மணிக்குள் சாப்பிட ஆரம்பித்துவிடு. உன் எடைக்கு 60 கிராம் மாவுச்சத்து, 20 கிராம் புரதம். இரண்டு பன்னும் ஒரு பெரிய டம்ளர் சாக்லேட் பாலும் ஏறக்குறைய அந்தக் கணக்குக்கு வரும். மதியச் சாப்பாட்டைப் பெரிதாக்கு, இரவுச் சாப்பாட்டை 5 மணிக்குள் சின்னதாக முடி: தயிர் சாதம், உப்புக் கொஞ்சம் தூக்கலாக. அம்மாவின் பருப்புப் பொடி வியாழன் வரை போதும், சனிக்கிழமை எண்ணெயும் பொடியும் வேண்டாம், வயிறு காட்டிக்கொடுக்கும். ஓட்டத்தில் 45 நிமிடத்துக்கு ஒரு ஜெல் (சர்க்கரைக் கூழ்ப் பொட்டலம்). ஞாயிறுக்கு 7 எடுத்துக்கொள். ஜெல்லைத் தண்ணீரோடு விழுங்கு, பவரேட் பானத்தோடு சேர்த்தால் சர்க்கரை கூடி வயிறு கலக்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கோப்பை கோப்பையாகத் தண்ணீர் குடிக்காதே, தாகத்துக்குக் குடி. அளவுக்கு மீறிக் குடித்து ரத்தத்தில் சோடியம் இறங்கினால் குமட்டலும் தலைவலியும்தான் முதலில் வரும். ப்ரூஃபென் போட்டுக்கொண்டு ஓடாதே, நீர் வற்றிய சிறுநீரகத்துக்கு அது ஆகாது. வழியில் உதவியாளர்கள் குச்சியில் வெள்ளையாக எதையாவது தடவி நீட்டினால் அது தோல் உராய்வுக்குத் தடவும் வாஸ்லின், வாயில் வைத்துவிடாதே.

ஷூ இரண்டு ஜோடி, இரண்டும் குறைந்தது 60 கி.மீ. பழகியவை. ஒன்று நனைந்தால் மறுநாளுக்குக் காயாது. சாக்ஸ் நாலு. நகத்தை ஒரு வாரம் முன்பே வெட்டு, முதல் நாள் வெட்டினால் ஓரம் குத்தும்.

பயிற்சியில் ஒன்றே ஒன்று தவறக்கூடாது. மூன்று வாரம் முன்பு ஒரு ஒத்திகை: வியாழன் 5 கி.மீ., வெள்ளி 10, சனி 10 மைல், ஞாயிறு 20 மைல். நாலு நாளும் விடிகாலையில், அதே ஜெல், அதே சாக்ஸ். ஏரிக்கரைப் பாதையில் பனி உறைந்திருந்தால் உள்ளே ஓடு. அதற்கப்புறம் தூரத்தைக் குறைத்துவிடு. பயத்தில் கடைசி வாரம் நீளமாக ஓடி யாரும் தேறியதில்லை.

2017-இல் இடி மின்னலால் சனிக்கிழமை ஹாஃபையே ரத்து செய்தார்கள். அன்று விடுதியைச் சுற்றிச் சுற்றி 21 கி.மீ. ஓடியவர்கள் உண்டு. உனக்கு அப்படி நேர்ந்தால் திரும்பிப் படுத்துத் தூங்கு.

பூங்காக்களைச் சுற்றுவது திங்கட்கிழமை. சனி மதியம் தோழிகள் எவ்வளவு கூப்பிட்டாலும் அறைக்குப் போய்க் காலைச் சுவரில் தூக்கி வைத்துப் படு. விமானத்தை செவ்வாய்க்குப் போட்டுக்கொள். ஞாயிறு இரவே ஏறி மூன்று மணி நேரம் மடங்கி உட்கார்ந்தால் இறங்கும்போது கால் நீளாது.

ஒத்திகை முடிந்ததும் நாலு நாள் நேரத்தையும் எனக்கு அனுப்பு. ஞாயிறு நேரம் மட்டும் மைல் மைலாக வேண்டும்.

அப்பா
கோவை