திறமை இருந்தால் கூட்டம் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த அமெரிக்கப் பயணக் கட்டுரையைப் படித்தேன். நயாகராவில் நனைந்தது, டல்லாஸில் மகன் வீட்டுக் கொல்லையில் வெண்டைக்காய் போட்டது எல்லாம் சரி. ஹூஸ்டன் வந்த இடத்தில் உங்கள் கட்டுரையாளர் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "கறுப்பினத்தவர் தங்களுக்கென்று தனியாக ஒரு கம்ப்யூட்டர் மாநாடு நடத்துகிறார்களாம். திறமை இருந்தால் கூட்டம் எதற்கு?" கார் ஜன்னல் வழியாகப் பார்த்து வழங்கிய தீர்ப்பு. சிக்னலில் வண்டி நின்ற நேரம் அதற்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

நான் அந்தக் கூட்டத்துக்குள் போனவன். மாநாட்டின் பெயரைக்கூடக் கட்டுரையில் காணோம் என்பதால் அதையும் நானே சொல்லிவிடுகிறேன். ஆஃப்ரோடெக். பிளாவிட்டி என்ற ஊடக நிறுவனம் 2016-ல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. அப்புறம் ஆஸ்டினில் நடந்தது, 2024 நவம்பரில் ஹூஸ்டனின் ஜார்ஜ் ஆர். பிரவுன் அரங்குக்கு வந்தது. எங்கள் கம்பெனி அங்கே ஸ்டால் போட்டது. ஆளெடுக்கும் பிரிவினரோடு பொறியாளர்களும் நிற்க வேண்டும் என்று எங்கள் டீம் தலைவியையும் அவருக்குத் துணையாக என்னையும் அனுப்பினார்கள். அவர் அலபாமாவில் பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண்மணி.

அவரைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் ஒரு புது அமைப்பைப் பற்றிக் கூட்டம் நடக்கும். வடிவமைத்தவர் அவர், முதல் பக்கத்தில் அவர் பெயர் இருக்கும். கேள்வி மட்டும் என்னிடம் வரும். நான் அவர் பக்கம் கையைக் காட்டுவேன். அவர் பதில் சொல்லி முடித்ததும் அடுத்த கேள்வி மறுபடி என் முகத்தைப் பார்த்தே வரும். இந்தியன் என்றால் கம்ப்யூட்டர் தெரியும் என்று ஊரே முடிவுகட்டி வைத்திருக்கிறது. திறமை, திறமை என்கிறோமே, அதில் பாதி இந்த இலவச நம்பிக்கைதான். அவருக்கு அது கிடையாது. ஒவ்வொரு அறையிலும் முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும்.

அப்படிப்பட்டவர் மாநாட்டு வாசலில் கால் வைத்ததும் குரலே மாறிவிட்டது. அவர் வாய்விட்டுச் சிரித்து அதற்கு முன் நான் கேட்டதில்லை. முன்பின் தெரியாதவர்கள் எதிரில் வந்து தலையசைத்தார்கள், இவரும் அசைத்தார். பம்பாய் ரயிலில் ஒரு தமிழ்க்குரல் கேட்டால் நாம் திரும்பிப் பார்ப்போமே, அப்படி.

மதியத்துக்கு மேல் ஒரு மாணவி வந்தாள். பக்கத்திலேயே இருக்கும் பிரெய்ரி வியூ பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படிக்கிறவள். கையில் பயோடேட்டா, தலைநிறையச் சின்னச் சின்னப் பின்னல்கள். எந்த மொழியில் நிரல் எழுதுகிறீர்கள், இரவு டியூட்டி உண்டா என்றெல்லாம் என்னிடம் கேட்டாள். பிறகு தலைவி பக்கம் நகர்ந்து, குரலைத் தாழ்த்தி, "இன்டர்வியூவுக்கு இந்தப் பின்னலோடு வரலாமா, நேராக்கிக்கொண்டு வரட்டுமா?" என்றாள். தலைவி பதில் பேசவில்லை. பையிலிருந்து ஆபீஸ் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். அதில் இருந்தது வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த படம், முடி இழுத்து நேராக்கப்பட்டு ஒட்டிக் கிடந்தது. இப்போது அவர் தலையிலும் பின்னல்தான். "அன்றைக்கு அப்படி வந்தேன். நீ இப்படியே வா" என்றார். கோடையில் ஓர் இடத்தில் பயிற்சிக்குப் போனபோது சேர்ந்து சாப்பிட ஆள் இல்லாமல் மதியச் சாப்பாட்டைக் காரில் உட்கார்ந்து சாப்பிட்டதாக அந்தப் பெண் சொன்னாள். "நானும்தான்" என்றார் தலைவி. அதற்குமேல் இரண்டு பேருக்கும் என் ஞாபகமே இல்லை.

இதற்குத்தான் கூட்டம், ஆசிரியர் அவர்களே. தலைமுடியைக் காட்டி வேலை மறுக்கக்கூடாது என்று டெக்சாஸில் சட்டம் அமலுக்கு வந்ததே 2023 செப்டம்பரில்தான்.

திறமை பற்றிக் கேட்டாரே, அதற்குப் பதில் சொன்னவர் தமிழ்நாட்டில் பிறந்தவர். பொருளாதார அறிஞர் செந்தில் முல்லைநாதனும் மரியான் பெர்ட்ராண்டும் பாஸ்டனிலும் சிகாகோவிலும் ஏறக்குறைய 5,000 பயோடேட்டாக்களை நாளிதழ் வேலை விளம்பரங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். எமிலி, கிரெக் என்று வெள்ளையர் வைத்துக்கொள்ளும் பெயர்களைச் சிலவற்றில் போட்டார்கள், லகீஷா, ஜமால் என்று கறுப்பினத்தவர் பெயர்களை மற்றவற்றில் போட்டார்கள். தகுதி ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு. வெள்ளைப் பெயர்களுக்கு 50 சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்தது. 2004-ல் வெளியான ஆய்வு. கடல் கடந்து சாதித்த தமிழர் என்றால் முழுப்பக்கம் ஒதுக்குகிற பத்திரிகை உங்களுடையது, அவரைத் தெரியாமல் இருக்காது. அவர் என்ன கண்டுபிடித்தார் என்பதை மட்டும் கட்டுரையாளருக்குச் சொல்ல மறந்துவிட்டீர்கள் போலும்.

கூகுள் முதன்முதலாகத் தன் ஊழியர் கணக்கை வெளியிட்டது 2014-ல். ஆசியர்கள் 30 சதவீதம், கறுப்பினத்தவர் 2 சதவீதம். நாட்டின் மக்கள்தொகையில் அவர்கள் 13 சதவீதம் அளவுக்கு இருக்கிறார்கள். அந்த 30-க்குள் நாமும் அடக்கம், நாம் எப்படி வந்தோம் என்பதைத்தான் மறந்துபோகிறோம். 1946-ல் போட்ட சட்டப்படி ஆண்டுக்கு 100 இந்தியர்தான் இங்கே குடியேறலாம். அந்தப் பூட்டு உடைந்தது 1965-ல். கறுப்பினத்தவர் தெருவில் இறங்கி அடிபட்டு, 1964-ல் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் குடிமை உரிமைகள் சட்டத்தையும் மறு ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தையும் வாங்கினார்கள். பிறந்த நாட்டைப் பார்த்து ஆளை வடிகட்டும் முறை அதற்குப் பிறகு நிற்க முடியாமல் போயிற்று. அதே 1965 அக்டோபரில் அதிபர் ஜான்சன் புதிய குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டார். டல்லாஸ் வெண்டைக்காயின் வேர் அங்கே இருக்கிறது.

தனிக்கூட்டம் என்பது அவ்வளவு குறையென்றால், ஆண்டுதோறும் ஜூலை 4-ஐ ஒட்டி வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை நடத்தும் விழாவை என்ன சொல்வது? அங்கேயும் தொழில்முனைவோர் அரங்கு உண்டு, விசிட்டிங் கார்டு மாற்றிக்கொள்கிறோம், சாம்பார் வாளி பின்னால் நிற்கிறோம். உங்கள் இதழ் அதைக் கலர்ப் பக்கத்தில் போடுகிறது. திறமை இருந்தால் தமிழருக்கு விழா எதற்கு என்று யாரும் கேட்டு நான் படித்ததில்லை.

இன்னொன்று. 2016-ல் பார்சிலோனாவில் நடந்த பெரிய செயற்கை நுண்ணறிவு மாநாட்டுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் வந்திருந்தார்கள். எத்தியோப்பியாவில் பிறந்த கணினி ஆய்வாளர் டிம்னிட் கெப்ரு, வந்தவர்களில் கறுப்பினத்தவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தார். ஆறு. மறு ஆண்டே அவரும் ரெடியட் அபெபேயும் சேர்ந்து 'பிளாக் இன் ஏஐ' அமைப்பைத் தொடங்கினார்கள். 2018-ல் ஜாய் புவலம்வினியும் கெப்ருவும், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். விற்பனையில் இருந்த சரக்குகள்தான். வெளிர் நிற ஆண்களிடம் பிழை 1 சதவீதத்துக்கும் கீழே. கருநிறப் பெண்களிடம் ஒரு மென்பொருள் 34 சதவீதத்துக்கு மேல் தவறியது. நம்மூர்ப் பெண்களின் நிறம் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மாநாட்டில் குறையே இல்லை என்று சொல்லவரவில்லை. டிக்கெட் விலை மாணவர்களுக்குக் கட்டாது. சாயங்காலமானால் பாட்டும் விருந்தும்தான், அதற்காகவே வருகிறவர்களும் உண்டு. வரிசையில் கால்கடுக்க நின்ற பிள்ளைகளிடம் ஒரு க்யூஆர் கோடைக் காட்டி "வெப்சைட்டில் போடுங்கள்" என்று அனுப்பிவைத்த கம்பெனிகளைக் கண்ணால் பார்த்தேன். 2025 ஜனவரியில் புதிய அரசு வந்த வேகத்தில் அரசு அலுவலகங்களில் எல்லா இனத்தவருக்கும் இடம் கொடுப்பதற்கென்று இருந்த பிரிவுகளையெல்லாம் மூடச் சொன்னது. எங்கள் கம்பெனியிலும் இனி ஸ்டால் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பட்ஜெட் இல்லையாம். இதையெல்லாம் எழுதியிருந்தால் நானே கட்டுரையாளருக்குப் பாராட்டுக் கடிதம் போட்டிருப்பேன்.

அந்த வரிக்குப் பக்கத்தில் நீங்கள் போட்ட படம் வேறு. கழுத்தில் தங்கச் சங்கிலியோடு ஒரு ராப் பாடகர்! தொழில்நுட்ப மாநாட்டுச் செய்திக்குப் போட வேறு ஆளே கிடைக்கவில்லையா? கறுப்பினப் பொறியாளர் ஜெர்ரி லாசன் இருந்தார். கேசட்டை மாற்றி மாற்றிப் போட்டு டி.வி.யில் விளையாடினோமே, அந்த மாதிரி கழற்றி மாட்டும் விளையாட்டுக் கருவி 1976-ல் முதன்முதலாகக் கடைக்கு வந்தது அவர் தலைமையில்தான். ஐபிஎம் பர்சனல் கம்ப்யூட்டரின் மூலக் காப்புரிமைகள் ஒன்பதில் மூன்றில் பெயருள்ள மார்க் டீன் இருந்தார்.

கமலா ஹாரிஸ் துணை அதிபரானபோது துளசேந்திரபுரம் கோலம், வெடி எல்லாம் போட்டீர்கள். அவர் படித்தது ஹார்வர்டில் என்றும் போட்டீர்கள். ஹார்வர்ட் அல்ல, வாஷிங்டனில் இருக்கும் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் 1986-ல் பட்டம் பெற்றவர் அவர். 1867-ல் தொடங்கிய அந்தக் கல்லூரி, பிற இடங்களில் கதவு மூடியிருந்த காலத்தில் கறுப்பினத்தவரைப் படிக்கவைத்தது. அதை அன்றைக்கே எழுதி அனுப்பினேன். என் கடிதத்திலிருந்து "அட்டைப்படம் அருமை" என்ற வரியை மட்டும் எடுத்து, பெயரோடு பிரசுரித்திருந்தீர்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த இதழில் ஹாவர்ட் திருத்தத்தை நாலு வரியில் போடுங்கள். ராப் பாடகருக்குப் பதிலாக ஜெர்ரி லாசன் படத்தை ஒரு ஓரத்தில் போடுங்கள். இந்தக் கடிதத்துக்கு இடம் போதவில்லை என்றால் என் தலைவி பற்றிய பத்தியை வேண்டுமானால் வெட்டிக்கொள்ளலாம், அவருக்குத் தமிழ் தெரியாது. செந்தில் முல்லைநாதன் பத்தியில் கை வைக்காதீர்கள். பெயர் போட வேண்டாம், இன்னும் அதே கம்பெனியில்தான் வேலை பார்க்கிறேன்.

இப்படிக்கு,
சந்தாவைத் தவறாமல் புதுப்பிக்கும் வாசகர்,
ஹூஸ்டன், டெக்சாஸ்.