சீருடையின் உள்பக்கத்தையும் காட்டுங்கள்

விமான நிறுவனங்களின் பழைய சீருடைகளைப் பாதுகாத்து வரும் அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். பிள்ளை வளரும் என்பதால் பக்கத் தையலிலும் பாவாடை மடிப்பிலும் இரண்டு விரல் துணி உள்ளே விட்டுத்தான் தைப்போம். அடுத்த வருடம் பிரித்துவிட்டால் போதும். உங்கள் கண்ணாடிப் பெட்டிகளில் நிற்கும் உடைகளைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதே கேள்விதான் வருகிறது: உள்ளே எவ்வளவு துணி விட்டிருந்தார்கள்?

காரணம் இருக்கிறது. 1930-ல் அமெரிக்காவில் எலன் சர்ச்சும் இன்னும் ஏழு செவிலியரும் முதல் விமானப் பணிப்பெண்களாகச் சேர்ந்தபோதே விதிகள் வந்துவிட்டன. வயது 25-க்குள், எடை 115 பவுண்டுக்குள், அதாவது சுமார் 52 கிலோ. கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. எலன் சர்ச் விமானம் ஓட்டப் பழகியவர், விமானி வேலை கேட்டுப் போனவர். கிடைத்தது இதுதான். ஆனாலும் அந்த முதல் சீருடை எனக்கு மிகவும் பிடிக்கும். அடர்பச்சைக் கம்பளித் துணியில் கோட்டும் பாவாடையும், தோளில் ஒரு மேலங்கி. மேலங்கியின் பைகளில் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், ரயில் நேர அட்டவணை எல்லாம் அடங்கும். ஆடுகிற இருக்கைகளைத் தரையோடு முடுக்குவதும், விமானம் வழியில் இறங்கிவிட்டால் பயணிகளை ரயிலேற்றி விடுவதும் அவர்கள் பொறுப்பு. வேலை தெரிந்து தைத்த உடை அது.

அப்புறம் வந்த உடைகளில் அந்தப் பைகளைத் தேடுகிறேன். 1965-ல் அமெரிக்காவின் பிரானிஃப் விமான நிறுவனத்துக்கு இத்தாலியின் எமிலியோ புச்சி சீருடை வடிவமைத்தார். நிறங்கள் அவ்வளவு அழகு, மறுக்கவே மாட்டேன். மழையில் தலைமுடி நனையாமலிருக்கக் கண்ணாடிக் கிண்ணம் போல ஒரு பிளாஸ்டிக் கவசம் கூட உண்டு. எளிதில் விரிசல் விட்டது, விமானத்துக்குள் வைக்கவும் இடமில்லை, சீக்கிரமே கைவிட்டார்கள். அடுக்கடுக்காக அணிந்து ஒவ்வொன்றாகக் கழற்றும் உடை என்பதால், அதையே ‘ஏர் ஸ்ட்ரிப்’ என்று விளம்பரமாக்கினார்கள் (‘ஸ்ட்ரிப்’ என்றால் உடை களைவது என்றும் பொருள்). பணிப்பெண் ஒருத்தி உடையைக் களைவதை டிக்கெட் விற்கக் காட்டினார்கள். 1968-ல் டி.டபிள்யூ.ஏ. என்ற அமெரிக்க விமான நிறுவனம் காகிதத்திலேயே உடை கொடுத்தது. காகிதத்தில் ஊசி போட்டால் ஊசி போன வழியே கிழியும், இதை எந்தத் தையல்காரரும் சொல்லியிருப்பார். அதைப் போட்டுக்கொண்டு தலைக்கு மேலிருக்கும் தட்டிலிருந்து தலையணையும் கம்பளியும் எடுத்துக் கொடுக்க வேண்டும். கையைத் தூக்கும்போது அக்குள் என்ன ஆகும் என்று யார் யோசித்தார்கள்?

இந்த உடைகளுக்குள்ளே ‘கர்டில்’ என்ற இறுக்கமான உள்ளாடை கட்டாயம். போட்டிருக்கிறார்களா என்று மேற்பார்வையாளர்கள் தொட்டுப் பார்த்தார்கள். எடை கூடினால் தற்காலிக நீக்கம், குறையாவிட்டால் வேலையே போகும். சில நிறுவனங்களில் 32 வயதோடு பறப்பது முடிந்தது. உடம்புக்கேற்ப உடையைப் பிரித்துத் தைப்பதுதான் எங்கள் தொழில். அங்கே உடம்பைப் பிடித்துச் சுருக்கினார்கள். வயது, கல்யாணத் தடைகள் சட்டவிரோதம் என்று 1968-ல் அமெரிக்காவின் சம வேலைவாய்ப்பு ஆணையம் தீர்மானித்தது. எடை விதி அதன்பிறகும் பல வருடங்கள் நீடித்தது.

எங்கள் நாட்டுக் கதையும் வேறில்லை. ஏர் இந்தியாவில் மேற்கத்திய பாவாடையும் தொப்பியும் போய் 1960-களில் சேலை வந்தது. சேலை இடுப்புக்குத் தக்கபடி இளகும், விதி இளகவில்லை. முதல் கர்ப்பத்தோடு வேலை போய்விடும் என்ற விதியை 1981-ல்தான் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சேர்ந்து நான்கு வருடத்துக்குள் கல்யாணம் செய்யக் கூடாது என்பதை அப்போதும் விட்டுவைத்தது.

உங்களிடம் கேட்பது இதுதான். குறிப்புச் சீட்டில் வடிவமைப்பாளர் பெயரோடு, அந்த வருடத்து எடை, வயது விதியையும் எழுதுங்கள். கர்டிலையும் தராசையும் பக்கத்திலேயே வையுங்கள். ஒரு சீருடையையாவது திருப்பிப் போட்டு உள்தையலைக் காட்டுங்கள். பிரித்து மறுபடி தைத்த தடம் இருந்தால் அதை மறைக்காதீர்கள். 1965-ல் பறந்தவர்கள் இப்போது எண்பதைத் தாண்டியிருப்பார்கள். அவர்களை அழைத்து, அந்த உடையில் குனிய முடிந்ததா, மூச்சு விட முடிந்ததா, பை எங்கே இருந்தது என்று இந்த வருடமே கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

அன்புடன்,
ஒரு தையல்காரி