பையன்களையும் உட்கார வைத்தோம்

அன்புள்ள தோழிக்கு,

நலம், நலமறிய ஆவல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆள் பற்றாக்குறை என்று எழுதியிருந்தாய். அலைச்சலில் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே.

இனப்பெருக்கப் பாடம் வந்ததும் "வீட்டில் படிச்சுக்கோங்க" என்று நம் டீச்சர் பக்கத்தைத் தள்ளியது ஞாபகம் இருக்கும். இன்றும் பல பள்ளிகளில் அதே கதைதான். மாதவிடாய் பற்றிப் பேச நர்ஸ் வந்தால் பையன்களை கிரவுண்டுக்கு விரட்டிவிடுவார்கள். இந்த வருடம் நானும் கணக்கு சாரும் எட்டாம் வகுப்பு மொத்தத்தையும் ஒன்றாக உட்கார வைத்து வளரிளம் பருவப் பாடத்தை நடத்தினோம்.

பேர் போடாமல் சந்தேகத்தை எழுதி அட்டைப் பெட்டியில் போடச் சொன்னோம். கையெழுத்து தெரியக்கூடாதென்று ஒருவன் இடது கையால் கோணல்மாணலாக எழுதியிருந்தான்: "தூக்கத்துல வெளியேறினா ரத்தம் குறையுமா? செத்துடுவேனா?" நாற்பது சொட்டு ரத்தம் சேர்ந்துதான் ஒரு சொட்டு விந்து என்று யாரோ சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறார்கள். எத்தனை நாள் இதைச் சுமந்துகொண்டு தூங்கப் போனானோ பிள்ளை! லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் வைத்தியர்கள் பிழைப்பதே இந்தப் பயத்தில்தான். இந்த வயதில் தூக்கத்தில் விந்து வெளியேறுவது இயல்பு, ரத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று சார் நிதானமாக விளக்கினார். சிரித்துக்கொண்டிருந்த கடைசி பெஞ்ச் கப்சிப் என்று கேட்டது.

மறுநாளே ஒரு அப்பா வந்துவிட்டார், "பொம்பளப் புள்ளைங்க முன்னாடி இதெல்லாம் எதுக்கு டீச்சர்?" என்று. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 2005-ல் மத்திய அரசு கொண்டுவந்த வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தையே 2007-ல் மகாராஷ்டிரா, குஜராத், கர்நாடகா என்று பல மாநிலங்கள் பண்பாட்டைச் சொல்லி நிறுத்தினவே. ஆனால் ஜார்க்கண்டில் 2006-ல் தொடங்கிய 'உடான்' என்ற வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை அரசுப் பள்ளி ஆசிரியர்களே விடாமல் நடத்தினார்கள். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா? சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீட்டுக்குப் போன போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்கில், 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் இந்தக் கல்வி தேவை என்றுதான் சொன்னது.

எனக்குப் பெரிய கவலை பத்தாம் வகுப்பு. பதினெட்டு வயதுக்குள் 'சம்மதம்' என்பது சட்டத்தில் செல்லாது என்று அந்தப் பையன்களுக்கு யாருமே சொன்னதில்லை. ஊரை விட்டு ஓடி, போக்சோவில் கேஸ் ஆன பிறகு தெரிந்து என்ன பயன்? பெண் பிள்ளைகளுக்கு 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (பள்ளிக் கல்வி உதவி எண்) என்ற எண்கள் தெரிகின்றன. எதற்கெல்லாம் கூப்பிடலாம் என்பது தெரியவில்லை.

அதற்குத்தான் நீ வர வேண்டும். கருத்தரிப்பு, கருத்தடை, எச்.ஐ.வி. பற்றி நர்ஸ் வாயால் கேட்டால் அவர்களுக்கு நம்பிக்கை வரும். உங்கள் டாக்டரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் ஒரு தேதி எழுது. ஹெட்மாஸ்டரிடம் நான் பேசிக்கொள்கிறேன். பையன்களும் இருப்பார்கள், அதற்குத் தயாராக வா.

அன்புடன்,
உன் தோழி